சிவப்பா வட்டமா எது இருந்தாலும்

...மிஷின் மேல தப்பே கிடையாதும்மா. அத மொதல்ல நீ மனசுல வாங்கிக்கோ. இண்டர்வியூ அப்பறம். இளவேனில்தானே பேரு? நல்ல பேரு. உக்காரு. அங்க இல்ல, அங்க எண்ணெய்... இப்படி, அந்த மிஷின் கைக்கு எதிர்ல ஒரு சேர் இருக்கு பாரு, அதுல. பயப்படாதே, இப்ப ஒண்ணும் பண்ணாது. கம்ப்ரஸர்ல காத்து நெரம்பினாத்தான் அசையும். இப்பத்தான் ஸ்விட்ச் போட்டேன். நாலு மணிக்கு அவா வரதுக்குள்ள ரெடியாயிடும்.

அவான்னா யாரா? ராஜலக்ஷ்மி மேடம். ஊறுகாய் கம்பெனி ஓனர். பெங்களூர் பொம்மனஹள்ளில இத்தன ஷெட் இருக்க, இந்த ஷெட்ட நம்பி ரோபோ கேட்டு வந்த ஒரே கஸ்டமர். அவ்வளவு ஆனப்பறமும் இன்னிக்கு இன்னொரு சான்ஸ் குடுத்திருக்கா. இன்னிக்கும் சொதப்பித்துன்னா ஷட்டர இழுத்து விட்டுட்டு, நான் எலெக்ட்ரானிக் சிட்டில எவனாவது கம்பெனி வாசல்ல நின்னு கேட் தெறந்து விட வேண்டியதுதான். இந்த ஸ்ரீகண்டனுக்கு யூனிஃபார்ம் பொருந்துமோ, பொருந்தாதோ!

நீ என்ன நெனச்சுண்டு வந்தே? ரோபோன்னா ரெண்டு கால் இருக்கும், தலைல லைட் எரியும், வணக்கம் சொல்லும்னா? எல்லாரும் அப்படித்தான் வரா. போன வாரம் ஒருத்தர் வந்து, "சார், இது தோசை வார்க்குமா?"ங்கறார். வார்க்காது சார், மூடி போடும்னேன். "மூடி எங்காத்து மாமியே போடுவாளே"ன்னுட்டுப் போயிட்டார். ரோபோங்கற வார்த்தையே ஐரோப்பால கூலியில்லாம ஒழைக்கறதுங்கற அர்த்தத்துல பொறந்தது, தெரியுமோ? அந்தக் கணக்குல பாத்தா, இந்த ஷெட்ல இருக்கற அசல் ரோபோ நான்தான்.

இது வெறும் கைம்மா. மணிக்கட்டுல கேமரா இருக்கே, அதான் கண்ணு. முனையில ரப்பர் கப். காத்த உறிஞ்சிப் பிடிச்சுக்கும். அந்தச் சரிவுப் பலகைல மூடி வழுக்கிண்டு வரும். கண்ணு பாக்கும், கை எடுக்கும், பாட்டில் மேல வெச்சு முக்கா சுத்து சுத்தி இறுக்கும். தீர்ந்தது. ஊறுகாய் மூடி என்ன கலர்? சிவப்பு. என்ன ஷேப்? வட்டம். சிவப்பா வட்டமா இருந்தா எடு! மனுஷாளுக்கே இத்தன தெளிவா ஒருத்தரும் வேலை சொல்றதில்ல.

அத எழுதினது கேசவ். என் தங்கை பிள்ளை. புத்திசாலிதான், ஆனா பயந்தாங்கொள்ளி. "மாமா, இந்த சைஸுக்குள்ள இருந்தாத்தான் எடுக்கணும், பலகை மேல இருந்தாத்தான் எடுக்கணும்"னு ஊர்ப்பட்ட கண்டிஷன் போட்டு வெச்சிருந்தான். என்ன ஆச்சு? மூடி ஒண்ணு எகிறி ஓரமா விழுந்துதுன்னா, இது பாத்துண்டே சும்மா நிக்கும். என் எல்லைக்குள்ள வரலைங்கற மாதிரி! எனக்கு நான் விஆர்எஸ் வாங்கிண்டு வந்த ஆபீஸ் ஞாபகம் வந்துடுத்து. ரத்தம் கொதிச்சுது. "எல்லாக் கண்டிஷனையும் தூக்குடா! சின்னதோ பெருசோ, எங்க இருந்தாலும் பிடிக்கட்டும்"னேன். தூக்கினான். தூக்கிட்டு மூஞ்சிய உம்முனு வெச்சுண்டான்.

அன்னிக்கே ஒரு கூத்து கேளு. இந்த மேஜை மேலதான் எமர்ஜென்சி பட்டன் இருந்தது. ஆபத்துன்னா அமுக்கணும், மிஷின் நின்னுடும். அதுவும் சிவப்பு, அதுவும் வட்டம்! கை என்ன பண்ணித்து, நேரா போய் அத எடுக்கப் பாத்து, அமுக்கி, தானே நின்னுபோச்சு. மறுபடி ஆன் பண்ணேன், மறுபடி போய் அமுக்கித்து. கேசவ் சொல்றான்: "மாமா, இந்த ஷெட்லயே அதுக்கு ஒண்ணுக்குத்தான் புத்தி இருக்கு." கொழுப்பப் பாரு! பட்டனக் கழட்டி வெளில மாட்டுடான்னேன். அதோ, வாசல்ல, செருப்பு விடற எடத்துக்கு நேர் மேல. ப்ராப்ளம் சால்வ்ட்.

அப்பறம் ஆயுத பூஜை வந்துது. டெமோவுக்கு அத விட நல்ல நாள் ஏது? மேடமும் அவாத்துக்காரர் சாமிநாதன் சாரும் வந்தா. பட்டுப்புடவை, தலை நெறைய மல்லிப்பூ, நெத்தில இத்தனாம் பெரிய பொட்டு. பாத்தாலே கும்பிடத் தோணும். ஆனா இந்தக் கேசவ் மிஷினச் சுத்திக் கம்பி வேலி போட்டு வெச்சிருக்கான். வேலிக்கு வெளில நின்னுண்டு எப்படிம்மா மிஷினுக்குச் சந்தனம் இடறது? எப்படி மாலை போடறது? நானே ஸ்பானர் எடுத்து வேலியக் கழட்டினேன். "பூஜை ஆகட்டும் மாமா, அப்பறம் ஆன் பண்ணலாம்"கறான். ஏண்டா, படுத்துக் கெடக்கற மிஷினுக்கா ஆரத்தி? ஓடிண்டிருக்கறச்சே காட்டினா எத்தன லட்சணமா இருக்கும்! வீடியோக்காரர் வேற வந்து நிக்கறார்.

மேடம் சந்தனக் கிண்ணத்தோட பலகை மேல குனிஞ்சா. கை திரும்பித்து. பாத்துது. நீட்டித்து. 'ப்ச்'சுனு ஒரு சின்னச் சத்தம்... அவ்வளவுதான். பொட்ட எடுத்துண்டு போய், மாங்கா ஊறுகாய் பாட்டில் மேல வெச்சு, முக்கா சுத்து சுத்தி இறுக்கிடுத்து!

நெத்தில ஒரு கீறல் கிடையாதும்மா! ஜப்பான்காரன் மிஷின் கூட அத்தன பதவிசா எடுக்காது. கை தட்ட வேண்டாமோ? ஒருத்தரும் தட்டலை. கட்டின புருஷன் பக்கத்துல நிக்கறச்சே சுமங்கலி நெத்திப் பொட்டு போச்சேன்னு மேடம் ஓன்னு அழறா. சாமிநாதன் சார் பாவம், "நான் நன்னாத்தான் இருக்கேன், நன்னாத்தான் இருக்கேன்"னு எல்லார்கிட்டயும் சொல்லிண்டே நெஞ்சப் பிடிச்சுண்டு உக்காந்துட்டார். நான் பாட்டில்லேர்ந்து பொட்ட எடுத்து, எண்ணெயத் தொடச்சு, மரியாதையா திருப்பிக் குடுத்தேன். வாங்கிக்கலை.

இப்ப நீயே சொல்லு, யார் தப்பு? ஸ்டிக்கர் பொட்டு! வெல்வெட் ஸ்டிக்கர்! அசல் குங்குமம் இட்டுண்டு வந்திருந்தா எந்த ரோபோவால எடுக்க முடியும்? இதோ என் நெத்தியப் பாரு. காலம்பற பூஜை பண்ணிட்டு வட்டமா இட்டுண்டது. அசையறதா பாரு!

கேசவ் மறுநாளே போயிட்டான். இப்ப ஏசி ரூம்ல உக்காந்து, பேர் வாயில நுழையாத ஏதோ ஊர் பாங்குக்கு சாஃப்ட்வேர் எழுதறான். வாசலுக்குக் கார் வரது, ஏத்திண்டு போறது. இந்த ஊர் இஞ்சினியர் அத்தன பேரும் அப்படித்தான். ஸ்க்ரூ டிரைவர எந்தப் பக்கம் பிடிக்கணும்னு கேட்டா கம்ப்யூட்டர்ல தேடுவான்.

அதான் உன்னக் கூப்பிட்டேன். பெருசா ஒண்ணுமில்ல. அவன் தூக்கின கண்டிஷனத் திருப்பிப் போடணும். எனக்கு அந்த எழுத்து வராது. நாலு மணிக்குள்ள போட்டுடுவியோன்னோ?

...என்னம்மா பண்றே? நீ வரச்சே பொட்டு இருந்துதே? ஓ, எடுத்துப் பர்ஸுக்குள்ள வெச்சுண்டுட்டியா! சபாஷ், வேலைக்கு ஏத்த பொண்ணு. என்னது, தண்ணியா? வெளில பானை இருக்கு, குடிச்சுட்டு வா. பைய எதுக்கு எடுத்துண்டு போறே? சரி, சரி, காதுல விழறாப்பல நான் இங்கேர்ந்தே சொல்றேன். உன் சேர்ல உக்காந்துக்கறேன், முட்டி வலி... உனக்குத் தனி மேஜை உண்டு. பேர்ப்பலகை உண்டு. கேசவ் கேட்ட ஃபேன் கூட...

கம்ப்ரஸர் நின்னுடுத்து. காத்து நெரம்பிடுத்து போல இருக்கு. இதோ பாரு, கை எழுந்துடுத்து! எத்தன அழகா திரும்பறது... இந்தப் பக்கம் எதுக்குத் திரும்பறது? பலகை அந்தப் பக்கம்னா இருக்கு... ஏய்! ஏய்! இது குங்குமம்! வராது! வராதுன்னு சொல்றேனே... ஐயோ, பிடிச்சுண்டுடுத்தே! இளவேனில்! அம்மா! நீ செருப்பு போட்டுக்கற எடத்துக்கு மேல, சிவப்பு பட்டன்... ஆட்டோவா? ஆட்டோவக் கூப்பிடறியா நீ?

சுத்தறதே... கழுத்து... கழுத்து... கார் சத்தம் வேற கேக்கறதே...

யாரு? மேடமா? வாங்கோ, வாங்கோ! சார், நீங்களும் வாங்கோ. சேச்சே, ஒண்ணும் ஆகலை, ஏன் பதறறேள்? டெமோ ஆரம்பிச்சாச்சு, அவ்வளவுதான். உள்ள வந்துடாதேங்கோ, அங்கயே நில்லுங்கோ. செருப்ப விடுங்கோ. விட்டுட்டு அப்படியே தலைய நிமிர்த்திப் பாத்தேள்னா... சிவப்பா, வட்டமா...