ஸ்டெப்னி மேல் ஓர் ஆன்டெனா

பாறை ஏறுகிற வண்டிக்கு ரேடியோ ஆன்டெனாவைக் கூரையின் நட்டநடுவில்தான் வைக்க வேண்டும். இதில் இரண்டாவது பேச்சே கிடையாது. சுற்றிலும் தகரம் சமமாக இருந்தால் குரல் நாலு பக்கமும் ஒரே மாதிரி போகும். ஆனால் யார் கேட்கிறார்கள், ஐயா? கூரையில் ஓட்டை போட வேண்டும் என்றதுமே, பெற்ற பிள்ளைக்குக் காது குத்தப்போகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

டென்னி ஆக்ஸ்னரும் அப்படித்தான். செம்பு நிறத்தில் புது வண்டி வாங்கியிருந்தான். "யோவ், துளை போடணும்னா என் மண்டையில போடு. வண்டியில கை வைக்காதே" என்றான். மண்டையில் போட்டிருந்தால் உள்ளே ஒன்றும் சேதமாகியிருக்காது. இருந்தாலும் நான் வற்புறுத்தவில்லை. அடுத்தவன் வண்டி, அடுத்தவன் இஷ்டம்.

நீங்கள் இந்த ஊருக்குப் புதிது என்பதால் சொல்கிறேன். எங்கள் கிளப்பில் பதினோரு வண்டிகள். சனிக்கிழமை தவறாமல் இந்த மோவாப் ஊரிலிருந்து கிளம்பிப் பாறைக்காட்டுக்குள் வரிசையாகப் போவோம். இருபத்திரண்டு வருஷமாக முதல் வண்டி என்னுடையது. கடைசி வண்டி டென்னியுடையது. கடைசி என்றால் இளக்காரம் இல்லை. ஒவ்வொரு மோசமான இடத்தையும் எல்லோரும் தாண்டிய பிறகு, "கதவு சாத்தியாச்சு" என்று ரேடியோவில் சொல்வது அவன் பொறுப்பு. அது காதில் விழாமல் முதல் வண்டி நகரக்கூடாது. அந்த விதியை எழுதியதே நான்தான்.

ரேடியோவில் யாரும் சொந்தப் பேரைச் சொல்லிக்கொள்வதில்லை. ஆளுக்கொரு பட்டப்பேர். எனக்கு நானே வைத்துக்கொண்டது ராஜாளி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாறைப்படியில் இறங்குவதற்கு முன் வண்டியை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தேன். புத்தியுள்ளவன் செய்கிற காரியம். உடனே பின்னாலிருந்து டென்னியின் குரல் பதினோரு வண்டியிலும் ஒலித்தது. "என்ன கோழி, முட்டை போட்டாச்சா? இல்ல, இன்னும் அடைகாக்குறியா?"

அன்றோடு ராஜாளி ஒழிந்தது. எல்லோருக்கும் நான் கோழி. என் அண்ணனை அடக்கம் செய்த அன்று, ஒருவன் என் தோளைத் தட்டி, "மனசைத் தேத்திக்கோ, கோழி" என்றான். கிறிஸ்துமஸுக்கு என் மனைவி கொண்டை வைத்த தொப்பி ஒன்று பின்னிக் கொடுத்தாள். நானும் போட்டுக்கொண்டு சிரித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். நீங்கள் கேட்டதால் சொன்னேன்.

கிளப்பில் யார் வண்டிக்கும் ஆன்டெனா என் கையால்தான் ஏறும். டென்னி ஒன்பதடிச் சாட்டை மாதிரி ஒரு கம்பியைத்தான் கேட்டான். ஊரே திரும்பிப் பார்க்க வேண்டுமாம். நாலடி ஃபைபர் கம்பியே போதும், பாறை இடுக்கில் மாட்டாது என்றேன். அதில் பொய் இல்லை. பின்கதவில் தொங்குகிற ஸ்டெப்னியின் தாங்கியில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்தத் தாங்கி முழுக்கக் கனமான பெயின்ட். அதைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிகிற இடத்தில் பட்டை போட்டு எர்த் கொடுக்க வேண்டும். எர்த் இல்லாவிட்டால் எதிராளி பேசுவது கணீரென்று கேட்கும், நாம் பேசுவது வாசலைத் தாண்டாது. நான் சுரண்டவில்லை. பெயின்ட் கெடக்கூடாது என்று அவன்தானே சொன்னான்.

அப்புறம், கம்பி குரலை ஒழுங்காக வெளியே அனுப்புகிறதா என்று காட்டுகிற மீட்டர். முள் ஒன்றரைக்குள் நின்றால் நல்லது. மூன்றைத் தாண்டினால் ஆபத்து. டென்னி ஐம்பத்தெட்டு வயதிலும் கண்ணாடி போடமாட்டான், அழகு போய்விடுமாம். "எவ்வளவு காட்டுது, கோழி?" என்றான்.

"ஒண்ணு புள்ளி மூணு" என்றேன். முள் மூன்றுக்கு அப்பால் படுத்துக் கிடந்தது.

என் முற்றத்திலேயே பேசிப் பார்த்தோம். இருபதடிக்குள் எந்த ஓட்டை ஆன்டெனாவும் பேசும். "கை ராசியான கோழிப்பா நீ" என்று என்னைக் கட்டிக்கொண்டான். ஒரே ஒருநாள் வாயை மூடிக்கொண்டு வரட்டும், அதற்கு மேல் என் மனதில் ஒன்றும் இல்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அந்த வாயை அடைத்தேன், உபகாரம்தான்.

மறுநாள் கெட்டில் பள்ளத்துக்குப் போனோம். வறண்ட ஓடை, இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. காலை ஆறு மணிக்கே வானிலை அறிக்கை பார்த்தேன். முதல் வண்டிக்காரனின் கடமை அது. வடக்கே மலையில் மதியம் மழை என்று போட்டிருந்தது. அங்கே பெய்தால் இங்கே ஓடையில் தண்ணீர் வர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஏறியும்விட்டோம், பத்து வண்டிகள்.

மேட்டில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தபோது ரேடியோவில் ஒரு கீச்சல். என் ஆன்டெனா கூரை நடுவில் இருக்கிறது, ஐயா. மற்றவர்களுக்கு எட்டாதது எனக்கு எட்டும். "கோழி... வண்டி சாஞ்சிருச்சு... கால் மாட்டிக்கிச்சு... யாராச்சும் வாங்கப்பா..."

மூன்றாவது வண்டியில் இருந்தவள் மார்வா, பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் ரேடியோவில் கேட்டாள்: "என்ன, கடைசி வண்டி சத்தத்தையே காணோம்? வாயில கொழுக்கட்டையா?"

நான் மைக்கை எடுத்தேன். "எனக்கு நல்லாக் கேக்குது. கதவு சாத்தியாச்சுன்னு சொல்லிட்டான். நிதானமா வருவான். நாம போய்ச் சாப்பாட்டைப் பிரிப்போம்."

எல்லோரும் நம்பினார்கள். என் ஆன்டெனா மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் சொன்னது டென்னிக்கும் கேட்டிருக்கும். கேட்கிற விஷயத்தில் அந்த ஆன்டெனாவுக்கு ஒரு குறையும் இல்லை.

அப்புறம் மறுபடி கீச்சல். "ராஜாளி" என்றான்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு. இன்னொரு தடவை சொல்வானா என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். சொன்னான். "ராஜாளி, தயவு செஞ்சு" என்று நாலு தடவை சொன்னான். மார்வா உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்திருந்தாள். கடுகு கொஞ்சம் தூக்கல். இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டேன். ஒன்றேகாலுக்கு ஓடையில் தண்ணீர் இரைகிற சத்தம் கேட்டதும் எல்லோரும் விளிம்புக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன்.

அழுதேன் என்று எல்லோரும் சாட்சி சொல்வார்கள். அழுதது நிஜம். அடக்கத்தன்று அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கடைசி வரைக்கும் அவரோட பேசிட்டு இருந்தீங்களாமே" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கு அது ஆறுதல். நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை.

அதோடு விட்டிருப்பேன், ஐயா. யாருக்கும் என் மேல் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் விசாரணை அறிக்கை நேற்றுப் பேப்பரில் வந்தது. "அனுபவமற்ற ஒருவரால் ஆன்டெனா தவறாகப் பொருத்தப்பட்டதே காரணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். மார்வா அதைப் படித்துவிட்டு, தன் ஆன்டெனாவைப் பார்க்கச் சொல்லி வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறாள். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? அந்த வரியை அடித்துவிட்டு இப்போது நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் வைத்த ஆன்டெனா ஒன்றுகூடச் சோடை போனதில்லை. இதுவும் போகவில்லை.