மைக்கு மட்டும்தான் உங்ககிட்ட குடுத்தேன்

பின் பெஞ்சுல ரெண்டு மூணு பேருக்குக் கண்ணு சொக்குது... சரி, ஒரு குட்டிக் கதையைக் கேட்டுட்டு அப்புறம் தூங்குங்க.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபை. பண்டிகை முடிஞ்சு அசனம். அசனம்னா தெரியும்ல? கிடாரம் கிடாரமா சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு... ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடும்!

குருவானவர் ஞானசிகாமணி அண்ணாச்சியைக் கூப்பிட்டார். "ஆட்டோவுல மைக்கைக் கட்டிட்டுத் தெருத்தெருவாப் போங்க. 'சோறு வெந்தாச்சு, எல்லாரும் வாங்க.' இவ்வளவு சொன்னா போதும்."

அண்ணாச்சிக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியல. ஏன்? அவர் தம்பி பாக்கியமுத்து, பண்டிகைக் கொடியை யாரு ஏத்துறதுன்னு வந்த சண்டையில கோவிச்சுக்கிட்டவர், கோயில் பக்கமே வர்றதில்ல. "ஆண்டவரே, இந்த அசனத்துலயாவது என் தம்பி என் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்!" இதான் அண்ணனோட ஜெபம்.

முதல் தெருவுல சரியாத்தான் சொன்னார். ஆனா கையில மைக்கு இருக்கே, சும்மா இருக்க முடியுமா? அடுத்த தெருவுல, "எல்லாரும் குளிச்சு, வெள்ளை உடுத்தி வாங்க!" அதுக்கடுத்த தெருவுல, "பிந்தி வாறவங்களுக்குக் கறி கிடைக்காது!" தம்பி தெருவுக்கு வரும்போது குரல் நல்லா ஏறிப்போச்சு. "ஞாயித்துக்கிழமை தவறாம ஆராதனைக்கு வர்ற விசுவாசக் குடும்பங்களே... வாங்க!"

ஐயோ அண்ணாச்சி!

பந்தி போட்டாச்சு. பாதி இலை காலி. தம்பிக்குன்னு பிடிச்சு வச்ச இலையும் காலி.

"அப்படி என்னதான் சொன்னீங்க?" குருவானவர் கேட்டார். அண்ணாச்சி பெருமையா ஒப்பிக்க ஆரம்பிச்சார். சொல்லச் சொல்லக் குரல் இறங்குது... "ஐயா... என் தம்பியை நானே வராதேன்னு சொல்லிட்டேனே!"

குருவானவர் சிரிச்சுட்டார். "அழைப்பு உங்களுது இல்ல அண்ணாச்சி. மைக்கு மட்டும்தான் உங்ககிட்ட குடுத்தேன். சோறு சூடாத்தான் இருக்கு, ஓடுங்க!"

ஓடினார். தம்பி வீட்டு வாசல்ல நின்னு, மூச்சு வாங்க, "சோறு வெந்தாச்சு. எல்லாரும் வாங்க!"

கதவு கொஞ்சமாத் திறந்துச்சு. "அண்ணே... நானுமா?"

அண்ணாச்சிக்கு ஒரு நல்ல புத்திமதி நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு. அப்படியே முழுங்கினார்! "சோறு வெந்தாச்சுடா. எல்லாரும் வாங்க!"

பாக்கியமுத்து சட்டை மாட்டக்கூட நிக்கல. துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்துட்டார். அன்னைக்கு அண்ணாச்சி இலையில விழுந்தது குழம்பு பாதி, கண்ணீர் பாதி.

எனக்கு அருமையானவங்களே... சுவிசேஷத்தை யாரு யோசிச்சு எழுதினா? நீங்களா? நானா? நம்ம கமிட்டியா? இல்லவே இல்ல! தேவன் வெளிப்படுத்தினார். இயேசு சிலுவையில எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டார். விருந்து அவருது, வார்த்தையும் அவருது. இதுல நாம வேற எதுக்குங்க மசாலா சேக்கிறோம்? எதுக்கு நாலு நிபந்தனை போடுறோம்? ஆள் பார்த்து ஏன் குறைக்கிறோம்? கேட்டதை அப்படியே சொல்லுங்க... சந்தோஷமாச் சொல்லுங்க!

இப்ப வீட்டுக்குப் போவீங்க. உங்க தெருவுலயும் ஒரு பாக்கியமுத்து கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். "நானுமா?"ன்னு கேக்கிறார்...

என்ன சொல்லப் போறீங்க?