பட்டினிப் படுக்கைகளுக்காக வாதாடிய அக்கா

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களே, ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் நேராக வந்து பின்சுவரில் சாய்ந்து நிற்கும் உணவுக்கூடத் தோழர்களே, எங்களிடம் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களே, அவர்களின் குடும்பத்தாரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே! கனத்த நெஞ்சோடு உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நான் இங்கே தீவிர சிகிச்சைப் பிரிவை இருபத்திரண்டு ஆண்டுகளாக நடத்தி வருபவன். நாம் இழந்திருப்பது இந்த மருத்துவமனையின் உணவியல் துறைத் தலைவரை. அந்தப் பட்டம் அவர் அறைக் கதவில் இருந்தது. நம் நாக்கில் இருந்ததோ வேறு பெயர். பத்து மில்லி அக்கா! அன்பினால் வைத்த பெயர் என்றுதான் உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். இல்லை. கேலிக்காக வைக்கப்பட்ட பெயர் அது. வைத்தவன் நான். முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு பேசுவது எனக்கு எளிது.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் எழுபத்தாறு வயதுப் பெரியவர் ஒருவர் எங்கள் பிரிவில் சேர்ந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நுரையீரல் முழுக்கத் தொற்று. மூச்சுக் கருவி பொருத்தினோம், மருந்துகள் கொடுத்தோம், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது. எல்லாம் செய்த நான், அவருடைய அட்டையில் முதல் நாள் எழுதிய ஒரு வரியை மட்டும் அழிக்கவே இல்லை. ‘உணவு எதுவும் வேண்டாம்.’ நான்காம் நாள் காலை அக்கா அந்தப் படுக்கையருகே வந்து நின்றார்.

“டாக்டர், இவரு சாப்பிட்டு நாலு நாளாச்சு.”

“நிலைமை சீராகட்டும் மேடம், அப்புறம் பாத்துக்கலாம்.”

“நாலு நாள் பட்டினி போட்டா நம்ம ரெண்டு பேரு நிலைமையே சீரா இருக்காது. இவருக்கு எப்படி சீராகும்?”

எனக்குச் சுருக்கென்றது. “சரி, எவ்வளவு குடுக்கணும்ங்கறீங்க?” என்றேன்.

“மூக்குக் குழாய் வழியா, மணிக்குப் பத்து மில்லி.”

நான் சிரித்தேன். அங்கிருந்த எல்லோரும் கேட்கும்படியே சிரித்தேன். “பத்து மில்லியா? யானைப் பசிக்குச் சோளப்பொரியா?” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“இது இவரோட பசிக்கு இல்ல டாக்டர், குடலுக்கு. அது வேலையில இருக்கணும். உள்ள கோடிக்கணக்குல நல்ல கிருமிங்க குடியிருக்கு. நாம சோறும் போடாம, மேல மேல ஆன்டிபயாட்டிக்கும் ஊத்தினா அதுங்க எங்க போகும்? வீடு காலியாக் கெடந்தா எவனாவது பூட்டை உடைச்சுட்டு வந்து உக்காந்துக்குவான். அந்தக் கெட்டவனுங்கதான் இவரைக் கொல்லப் போறானுங்க.”

வேண்டா வெறுப்பாகக் கையெழுத்துப் போட்டேன். அன்று மதிய உணவு மேசையில் அந்தப் பட்டப்பெயரைச் சூட்டினேன். மாலைக்குள் மருத்துவமனை முழுக்கப் பரவிவிட்டது.

உணவு ஏறத் தொடங்கிய ஐந்தாம் நாள் ஓட்டுநர் ஐயாவுக்கு வயிற்றுப்போக்கு. ஒரே நாளில் ஏழு முறை. நான் எப்படி இருந்திருப்பேன்? ‘பார்த்தீர்களா, நான் சொன்னேனே’ என்ற பெருமிதத்தோடு உணவை நிறுத்தச் சொன்னேன். அக்கா வாதாடவில்லை. “ஒரு மணி நேரம் குடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருக்குப் போய்க்கொண்டிருந்த மருந்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பாட்டிலில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்துகளைக் கூடக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு இரண்டு சிரப் பாட்டில்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“இனிப்புக்காக இதுல சேர்த்திருக்கறது பேதியாக்கும் டாக்டர். ஒரு நாளைக்கு எட்டு வேளை குழாய்ல ஊத்தறோம். அப்புறம் அந்த ஆன்டிபயாட்டிக், நீங்க போட்ட கணக்குப்படி முந்தாநாளே நிறுத்தியிருக்கணும். இன்னும் ஓடிட்டிருக்கு. தப்பு பண்ணினது இவங்க மூணு பேரு. தண்டனை சாப்பாட்டுக்கா?”

சிரப்புகளை மாத்திரைகளாக மாற்றினோம். ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தினோம். மூன்று நாளில் வயிறு அடங்கியது. உணவு நிற்கவே இல்லை. பத்தொன்பதாம் நாள் அவருடைய தொண்டைக் குழாயை எடுத்தோம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்த மனிதர் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“இது எந்த ஸ்டாப்பு?”

அக்கா சட்டென்று சொன்னார்: “இன்னும் உங்க ஸ்டாப்பு வரல ஐயா. இறங்கிடாதீங்க.”

அதற்குப் பிறகு அவர் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய மனைவி இதோ, நான்காவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். அம்மா, நீங்கள் வந்ததற்கு நன்றி.

நண்பர்களே! ஒரு நோயாளியைக் காப்பாற்றியதோடு ஓய்ந்துவிட்டாரா? அடுத்த மாதம் ஒவ்வொரு படுக்கையின் காலடியிலும் ஒரு தாளைத் தொங்கவிட்டார். உணவு எப்போது நின்றது, யார் நிறுத்தினார்கள், எப்போது மீண்டும் தொடங்கியது, எல்லாவற்றையும் குறிக்கச் சொன்னார். மாதக் கூட்டத்தில் அந்தத் தாள்களோடு எழுந்து நின்றார். இருபத்து நான்கு மணி நேரத்தில் சராசரியாகப் பத்து மணி நேரம் எங்கள் நோயாளிகள் பட்டினி! ஸ்கேனுக்குப் போகும்போது நிறுத்தினோம். உடம்பு துடைக்கும்போது நிறுத்தினோம். நான் நோயாளிகளைப் பார்க்க ரவுண்ட்ஸ் வரும்போது, மரியாதைக்காக நிறுத்தினோம்! கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்து முறைக்கத் தொடங்கினோம். அக்கா கையமர்த்தினார்.

“இதுல யாரும் கெட்டவங்க இல்ல. நிறுத்தறதுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. திரும்ப ஆரம்பிக்கத்தான் ஆளில்ல.”

அன்றிலிருந்து, நின்ற உணவைத் தொடங்கவும், விட்டுப்போன அளவை அன்றைக்குள் ஈடுகட்டவும் செவிலியர்களுக்கு அதிகாரம் கொடுத்தோம். டாக்டர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்த காலம் போயிற்று.

இவ்வளவுதான் அவர் என்றால், திறமைசாலி ஒருவரை இழந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஆனால் நான் இப்போது சொல்லப்போவதை அவருடைய மகள் கூட முழுதாக அறிந்திருக்க மாட்டார்.

வயதானவர்களுக்கு நல்ல கிருமிகள் அடங்கிய தூளை உணவோடு கலந்து கொடுக்கலாம் என்று அக்கா இரண்டு ஆண்டுகள் போராடி என்னைச் சம்மதிக்க வைத்தார். கொடுத்தோம். நல்ல பலன் போலத்தான் தெரிந்தது. ஒரு நாள் காலை பரிசோதனைக்கூடத்திலிருந்து எனக்கு அழைப்பு. எண்பத்தொரு வயதுத் தையல்காரம்மா ஒருவர். மருந்து ஏற்றுவதற்காகக் கழுத்து இரத்தக்குழாயில் ஒரு மெல்லிய குழாய் செருகியிருந்தோம். அவருக்குத் திடீரென்று குளிர்காய்ச்சல். அவர் இரத்தத்தில் வளர்ந்திருந்தது எந்தக் கிருமி? அந்தத் தூளில் இருந்த அதே கிருமி!

அக்காவின் அறைக்குப் போய்ச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். பிறகு கேட்டார்: “அவங்க பையன் எங்க இருக்காரு?”

“சாயங்காலம் வருவாரு. நிர்வாகத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“நான் குடுத்தது டாக்டர். நான்தான் சொல்லணும்.”

சொன்னார். மகனை எதிரே உட்காரவைத்து, மழுப்பாமல், மறைக்காமல் சொன்னார். அந்த மகன் எழுந்து நின்று கத்தினார்: “எங்கம்மாவை வெச்சுப் பரிசோதனை பண்றீங்களா?” தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. அக்கா நகரவில்லை.

“நீங்க கேக்கறது நியாயம் தம்பி. நல்லதுன்னு நம்பித்தான் குடுத்தேன். தப்பாப் போச்சு. இப்ப என்ன மருந்து போட்டிருக்கோம், எப்ப தெரியும், எல்லாம் சொல்றேன். உக்காருங்க.”

அந்த அம்மா பிழைத்தார். மூன்று வாரம் கூடுதலாகப் படுக்கையில் கிடந்து, பிழைத்தார். மகன் எங்களை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அக்கா மன்னிப்பை எதிர்பார்க்கவும் இல்லை. மறுநாளே தான் இரண்டு ஆண்டுகள் போராடிப் பெற்ற அந்தத் தூளைப் பிரிவு முழுவதிலும் தானே நிறுத்தினார். யார் செய்வார்கள்? தான் கட்டிய வீட்டைத் தன் கையாலேயே இடிக்க யாருக்கு மனம் வரும்? கூட்டத்தில் அவர் சொன்னது இதுதான்: “நம்பிக்கை வேற, ஆதாரம் வேற. என்கிட்ட முதலாவதுதான் இருந்துச்சு. ரெண்டாவதைத் தேடணும்.”

தேடினார். அறுபத்தைந்து வயதைக் கடந்த இருநூறு நோயாளிகள். வாரம் ஒருமுறை அவர்களின் மல மாதிரி. என்ன உணவு உள்ளே போனது, என்ன மருந்து போனது, குடலில் எந்தக் கிருமி மிஞ்சியது, யார் தொற்றிலிருந்து தப்பினார்கள் என்று பார்க்கும் ஆய்வு. நெறிமுறைக் குழு மூன்று முறை திருப்பி அனுப்பியது. மூன்று முறையும் திருத்திக்கொண்டு போய் நின்றார். “அக்கா, மத்தவங்க ஆராய்ச்சியில தங்கம் கிங்கம் தேடுவாங்க, நீங்க இதைத் தேடறீங்களே” என்று செவிலியர்கள் கிண்டல் செய்வார்கள். “தங்கத்தைத் தின்னுட்டு யாரும் பொழைச்சதில்லடி, டப்பாவை மூடி வை” என்பார்.

நூற்று நாற்பத்து மூன்று பேர் சேர்ந்திருந்தபோது அக்கா படுத்துவிட்டார். வயிற்றில் புற்றுநோய். அறுவைக்குப் பிறகு தொற்று. ஏழாம் படுக்கை. கண் விழித்த முதல் காலையில் செவிலியரை அழைத்தார்.

“எனக்கு அறுபத்தாறு வயசு. தகுதி இருக்கு. ஃபாரத்தை எடுத்துட்டு வா.”

மகளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “அம்மா, இப்பவுமா?”

“இப்பத்தான்டி. நல்லா இருக்கும்போது என்னைச் சேத்துக்க மாட்டாங்களே!”

நூற்று நாற்பத்து நாலாவது ஆளாகக் கையெழுத்திட்டார். மூன்று வாரம் மாதிரி கொடுத்தார். நான்காம் வாரம் இன்னொரு அறுவைக்கு வழியில்லை என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். அன்று பிற்பகல் அக்கா என்னைக் கூப்பிட்டு, உணவு ஏறிக்கொண்டிருந்த மூக்குக் குழாயை எடுக்கச் சொன்னார். நான் மறுத்தேன். யாரிடம் பாடம் படித்தேனோ அவரிடமே வாதாடினேன்.

“உங்களைப் பட்டினி போடச் சொல்றீங்களாக்கா?”

“திரும்பி வரப்போறவங்களுக்குத்தான் டாக்டர் சாப்பாடு பலம். எனக்கு இது இப்ப வயித்துல கல்லாட்டம் கனக்குது. எடுத்துடுங்க. உதட்டை மட்டும் நனைச்சு விடச் சொல்லுங்க.”

எடுத்தேன். வாழ்நாளெல்லாம் மின்தூக்கிகளைப் பழுது பார்த்த கையால், அவருடைய கணவர் ஈரப் பஞ்சு எடுத்து இரண்டு நாள் அந்த உதடுகளை நனைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மதியம், மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அக்கா போய்விட்டார்.

ஐயா, அழுங்கள். நாங்களும் அழுதுவிட்டோம். ஆனால் அழுதுவிட்டுக் கலைவதற்கா இத்தனை பேர் கூடினோம்? இந்த மேடையில் நின்று நான் உறுதி சொல்கிறேன். இன்னும் ஐம்பத்தாறு பேர் சேர வேண்டும், சேர்ப்போம். அக்காவுக்கு அடுத்த நிலையில் பணியாற்றிய உணவியலாளர் நாளை முதல் ஆய்வை நடத்துவார். அவருக்குக் கீழே, ஆம், அவருக்குக் கீழே, நான் வேலை செய்வேன். முடிவு நாம் நினைத்தபடி வந்தாலும் வெளியிடுவோம். நாம் நினைத்தது தப்பு என்று வந்தாலும், ஒரு எழுத்துக் குறையாமல் வெளியிடுவோம். என் பிரிவில் இனி எவரும், நான் உட்பட, ‘உணவு வேண்டாம்’ என்று எழுதினால், ஏன் என்றும் எத்தனை மணி வரை என்றும் பக்கத்தில் எழுதியாக வேண்டும். எழுதாத அட்டையைச் செவிலியர் என் முகத்துக்கு நேரே நீட்டலாம். நீட்டுங்கள்! அதற்குத் தயங்குபவர் அக்காவின் பெயரைச் சொல்லத் தகுதியில்லாதவர்.

இனி நாம் எழுந்து மௌன அஞ்சலி செலுத்த வேண்டும். இப்போது ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. ஐந்து மணிக்கு மூன்றாம் படுக்கைப் பெரியவருக்கு உணவுப் பை மாற்ற வேண்டும். மாலைப் பணியில் இருப்பவர்கள் நிற்க வேண்டாம்; கிளம்புங்கள். தலைகுனிந்து போக வேண்டாம், வேகமாகப் போங்கள். மற்றவர்கள் அவர்களுக்கு வழிவிட்டு எழுந்து நிற்போம்.