சதுர அடிக்கு ஒரே ரேட்டு

இல்லண்ணே, வெயிலுக்காகக் கையை விரிச்சுக்கிட்டு நிக்கல. நகந்தா தெரிஞ்சிரும், அதான். நீங்க உக்காருங்க ஆசாரியண்ணே. அந்தச் சேரை இப்பிடி நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கங்க. காது குத்த வாங்கன்னு காலையிலயே கூப்பிட்டுட்டு, மண்டபத்து வாசல்லயே உக்கார வச்சிருக்கோம். எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. உள்ள ஒரு சின்னப் பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. சண்டை இல்ல. சரி, சண்டைதான். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லண்ணே, அதான் திருத்திச் சொல்லிர்றேன்.

எங்க அண்ணன் அசோக்குமார் எனக்கு ரெண்டு வேலை குடுத்திருக்கான். ஒண்ணு, இந்த ஃப்ளெக்ஸுல ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கு, அதை முதுகால மறைச்சுக்கிட்டு நிக்கணும். இன்னொண்ணு, நீங்க எந்திரிச்சுப் போயிராமப் பாத்துக்கணும். பத்தரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள பாப்பாவுக்குக் காது குத்தியாகணும்ல. அதனாலதான் விடாமப் பேசிக்கிட்டு இருக்கேன். மத்தபடி நான் அதிகமாப் பேசுறவன் இல்ல.

மேல பாருங்க. சிங்கம் ரெண்டு, கழுகு ஒண்ணு, நடுவுல கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு நிக்கிறாருல்ல, அவருதான் பேயாண்டி மாமா. எங்க அண்ணி பாண்டிச்செல்வியோட கூடப்பொறந்த அண்ணன். பாப்பாவுக்குத் தாய்மாமன். அவரு மடியில உக்கார வச்சாத்தானே நீங்க ஊசியவே எடுப்பீங்க. அந்தக் கிளாஸு அவருது இல்லண்ணே, கடைக்காரரு கம்ப்யூட்டர்ல மாட்டி விட்டது. சிங்கமும் அவருக்குப் புடிக்காது, ஆடு வளக்குறவரு. ஆனா சிங்கம், கழுகு, கிரீடம் எல்லாம் ஃப்ரீன்னு கடையில சொன்னாங்களா, அப்ப ரெண்டு பக்கமும் சிங்கம் போடுன்னுட்டாரு. கிரீடம் மட்டும் வேணாமாம். ஏன் மாமான்னு கேட்டா, முடி வெட்ட காசு குடுத்திருக்கேன், அது தெரியட்டும்ங்கிறாரு.

என்ன பாக்குறீங்க, வார்த்தையா? இப்பக் காட்ட முடியாதுண்ணே. ரோட்டுல ஆள் போகுது.

போன மாசம் வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. மாமாவோட சகலைக்காரரு ஒரு காதுகுத்துக்கு வச்ச ஃப்ளெக்ஸுல பேருக்கு முன்னாடி இங்கிலீஷ்ல கிங்மேக்கருன்னு போட்டிருந்தாராம். நமக்கும் ஒரு பட்டம் வேணும்னு மாமாவுக்குத் தோணிருச்சு. கடைக்காரரு வள்ளல்னு போட்டுரலாமான்னு கேட்டிருக்காரு. மாமா பதறிட்டாரு. வள்ளல்னு போட்டா நாளைக்குக் காலையிலயே கோயில் கமிட்டிக்காரன் ரசீதுப் புக்கோட வாசல்ல நிப்பான்டா, இருக்கிற மாதிரியே போடுன்னு சொல்லிட்டாரு. அதுவும் நியாயந்தானேண்ணே? எல்லாரும் இல்லாததைப் போடுறாங்க. இவரு இருக்கிறதைத்தான் போடச் சொன்னாரு.

அப்புறம் எனக்குப் போன். மாப்ள, செலவு செய்யாத ஆளுக்கு இங்கிலீஷ்ல என்னடா சொல்வாகன்னு கேட்டாரு.

எங்க வீட்டுல நான்தான்ணே முதல் பட்டதாரி. தாசில்தார் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டே இருக்கு. அதனால மாத்திரை அட்டையில இருந்து மிக்ஸிக்கு வர்ற பேப்பர் வரைக்கும் எல்லாம் எங்கிட்டதான் வரும். தப்பாச் சொல்லிட்டா யாராவது சாப்பாட்டுக்கு முன்னாடி சாப்பிட வேண்டிய மாத்திரையப் பின்னாடி சாப்பிட்டுருவாங்களோன்னு எனக்குத் தூக்கமே வராது. அதனால எதைச் சொன்னாலும் முழுசாச் சொல்லிருவேன். ஃப்ரூகல்னு ஒரு வார்த்தை இருக்கு மாமா, அது வீணாக்காம செலவு பண்றவரை மதிச்சுச் சொல்றது. த்ரிஃப்டின்னும் சொல்லலாம், அதுவும் மரியாதைதான். இதோட நிறுத்தியிருக்கணும். நிறுத்தியிருந்தா நான் இந்நேரம் உள்ள கேசரி சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன். ஆனா கடைக்காரரு வேற ஏதாவது போட்டுருவாரோன்னு பயந்து, பார்சிமோனியஸ்னு ஒண்ணு இருக்கு, அதை மட்டும் போட்டுறாதீங்கன்னு சொன்னேன். சொன்னது மட்டுமில்ல, வாட்ஸப்புல எழுதியும் அனுப்பினேன். மூணு வார்த்தையும், எது எதுக்குன்னு அடைப்புக்குறிக்குள்ள விளக்கமும்.

மாமா விளக்கத்தைப் படிக்கல. நீளத்தைப் பாத்தாரு.

ஃப்ளெக்ஸுக்கு சதுர அடிக் கணக்குத்தானேண்ணே. சின்ன வார்த்தை போட்டாலும் பெரிய வார்த்தை போட்டாலும் ஒரே ரேட்டு. அப்புறம் எதுக்குடா ஆறெழுத்து வார்த்தையப் போடணும், பன்னெண்டு எழுத்து சும்மா கெடைக்கும்போதுன்னாரு. அதோட இன்னொண்ணு சொன்னாரு பாருங்க. சின்ன வார்த்தையா போட்டா, பேயாண்டி இதுலயும் கஞ்சத்தனம் பண்ணிட்டான்னு பேசுவாங்கடா மாப்ள.

நான் பஸ் ஏறி மாமா ஊருக்கே போயிட்டேன்ணே. மாமா, அது திட்டுற வார்த்தைன்னு சொன்னேன். அர்த்தம் என்னன்னாரு. செலவு பண்ண மனசு வராதவருன்னேன். ஆமா, எனக்கு வராது, அர்த்தம் சரியாத்தானடா இருக்குன்னாரு. அர்த்தம் சரிதான் மாமா, ஆனா அதை யாரும் பாராட்டுறதுக்குச் சொல்ல மாட்டாங்க, குறை சொல்றதுக்குத்தான் சொல்லுவாங்கன்னேன். யாரு சொல்லுவான்னாரு. இங்கிலீஷ்காரங்கன்னேன். அவங்களுக்கு நம்ம வீட்டுக் காதுகுத்துக்குப் பத்திரிகை வச்சிருக்கான்னு கேக்குறாரு. எங்க காலேஜுல அர்த்தம் சொல்லிக் குடுத்தாங்க, எடுத்துக்காட்டு வாக்கியம் சொல்லிக் குடுத்தாங்க. ஒரு ஆளு அந்த வார்த்தைய நேரா நின்னு, ஆமா அது நான்தான்னு சொன்னா என்ன பண்றதுன்னு சொல்லிக் குடுக்கலியே.

அவரு மேலயும் தப்புச் சொல்ல முடியலண்ணே. ஆரப்பாளையத்துல பஸ்ஸை விட்டு எறங்குனா இங்க கோச்சடை வரைக்கும் ஷேர் ஆட்டோவே ஏற மாட்டாரு, நடந்துதான் வருவாரு. உங்ககிட்டயும் ரெண்டு காதுக்கும் சேத்து ஒத்தைக் கூலின்னு பேசுனாராமே. ஆனா எங்க அண்ணன் டெங்குல படுத்துக் கெடந்தப்ப, ரெண்டு கெடாவை வித்துட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னாரு. பில்லைக் கட்டிட்டு ஊருக்குப் போயிட்டாரு. கெடா வித்ததே எங்களுக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும். அப்ப அவரு ஃப்ரூகலா, பார்சிமோனியஸா? ராத்திரி பூராம் யோசிச்சேன். தனக்குப் பண்ணிக்கிறதுக்கு ஒரு வார்த்தை, அடுத்தவங்களுக்குப் பண்றதுக்கு ஒரு வார்த்தைன்னு ரெண்டு போடணும் போல. அதுக்கும் ஒரே ரேட்டுதான்.

கைக்கடிகாரத்தைப் பாக்காதீங்கண்ணே. ராகுகாலத்துக்கு இன்னும் நேரம் இருக்கு.

இன்னைக்குக் காலையில ஃப்ளெக்ஸைக் கட்டுனதும் ஆரம்பிச்சது வினை. அண்ணியோட தங்கச்சி முறை ஒண்ணு, அஸ்வினி, பதினொண்ணாவது படிக்குது. வாசல்ல செல்ஃபி எடுத்துட்டு சும்மா இருக்கலாம்ல. வார்த்தையப் போன்ல போட்டுப் பாத்திருக்கு. உள்ள பொம்பளைங்க பூராம் பூக் கட்டிக்கிட்டு இருக்கையில, அக்கா, உங்க அண்ணனைக் கருமின்னு போட்டிருக்காங்கன்னு சத்தமாப் படிச்சிருக்கு. அண்ணி பூவை அப்பிடியே கீழ வச்சுட்டாங்க. எங்கண்ணன் வாயைக் கட்டி வயித்தைக் கட்டித்தான் என்னைக் கட்டிக் குடுத்துச்சு, இவங்க வீட்டு விசேஷத்துல வச்சு அதையே போர்டு எழுதி மாட்டுவாங்களா, எழுதிக் குடுத்தது யாருன்னு கேட்டாங்க. மாமா சந்தோசமா, நம்ம ஜெயபாண்டிதான்னு சொல்லிட்டாரு. பாராட்டுறாங்கன்னு நெனச்சுட்டாரு.

நான் வாட்ஸப்பைக் காட்டினேன். அண்ணி விளக்கத்தைப் படிக்கிற நெலமையில இல்ல.

ஃப்ளெக்ஸை எறக்குனாத்தான் பாப்பாவைத் தூக்கிட்டு வருவேன்னு அண்ணி. எறக்க மாட்டேன், சாயங்காலம் வரைக்கும் கட்டியிருக்கத்தான் கம்பு நட்டவனுக்குக் காசு கொடுத்திருக்குன்னு மாமா. சரி, அந்த வார்த்தைய மட்டும் பிளேடால வெட்டிருவோம்னு அண்ணன் சொன்னான். மாமா கத்திட்டாரு. இதை ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாப் போட வச்சிருக்கேன், ஓட்டை விழுந்தா மழையில குட்டி நனையாதான்னு. பேப்பர் ஒட்டலாம்னோம், பசை காஞ்சா உரியாதாம். பலூன் கட்டுனோம், வெயிலுக்கு ஒண்ணொண்ணா வெடிச்சிருச்சு. வாழைமரத்தைச் சாச்சுப் பாத்தோம், அது முதல் நாலெழுத்தைத்தான் மறைச்சது. கடைசியில எல்லாரும் என்னையப் பாத்தாங்க.

இதுல அவசரம் என்னன்னா, சோழவந்தான்ல இருந்து அண்ணி ஊர்க்காரங்க வேன் வந்துக்கிட்டு இருக்கு. அதுல காளை வாத்தியாருன்னு அண்ணியோட சித்தப்பா வாராரு. இங்கிலீஷ் வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. மத்தவங்க கண்ணுல பட்டா ஏதோ பெரிய பட்டம்னு போயிருவாங்க. இவரு படிச்சா முடிஞ்சது. ஊருக்குள்ள அண்ணி தலைகாட்ட முடியாது, பேச்சு அப்பிடியே ரெண்டு குடும்பமும் பிரியிற வரைக்கும் போகும். பாப்பாவுக்கு இன்னைக்குக் காது குத்தலேன்னா தாய்மாமன் மடியில இனி எப்ப உக்காரும்ண்ணே? அதான் இங்கிட்டு அங்கிட்டு அசையாம நிக்கிறேன். முதுகுல வெயில் தாங்கல. ஃப்ளெக்ஸு சுடும்னு இன்னைக்குத்தான் தெரியுது.

என்னண்ணே, எந்திரிச்சுட்டீங்க? டீயா? இருங்க, இங்கயே கொண்டாரச் சொல்றேன். டேய், யாருடா உள்ள, ஆசாரியண்ணனுக்கு ஒரு டீ... யாருக்கும் காது கேக்கல. சரி, முக்குல கடை இருக்கு, போயிட்டு வெரசா வந்துருங்க. பையை எதுக்குண்ணே தூக்குறீங்க? டீ குடிக்க எதுக்குப் பை? ஊசியும் நூலும் இங்க இருக்கட்டுமே, நான் பாத்துக்கிறேன். எங்க போறேன், நகரவா முடியும்?

திருப்பரங்குன்றத்துல இன்னொரு காதுகுத்தா? பத்து மணிக்கா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே. சொன்னீங்களா? எப்ப? மூணு தடவையா?

இருங்க, இருங்க. அண்ணன் கூப்பிடுறான், கேளுங்க. காது குத்தி முடிச்சதும் ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கிறதா அண்ணியும் மாமாவும் பேசி முடிச்சுட்டாங்களாம். மாமா மடியில பாப்பாவ உக்கார வச்சாச்சாம். ஆசாரிய உள்ள அனுப்புங்கிறான். கேட்டுச்சுல்ல? இந்தா, பத்தே எட்டு வச்சா உள்ள போயிரலாம். அண்ணே, வண்டியில ஏறாதீங்க. நான் வந்து கையைப் பிடிச்சுருவேன், ஆனா இங்கிட்டு நகந்தேன்னா...

வேன் வந்துருச்சு. முதல்ல எறங்குறது காளை வாத்தியாருதான், கண்ணாடிய வேற எடுத்து மாட்டுறாரு.

வண்டி கெளம்பிருச்சே. அண்ணே... சரி. வாங்க சித்தப்பா, வாங்க, எல்லாரும் வாங்க. படிக்கிறவங்க நல்லாப் படிச்சுக்கங்க. எழுதிக் குடுத்தது நான்தான், போட்டது அவருதான். அர்த்தம் கேக்குறவங்க அங்கனயே நில்லுங்க, பாப்பா காதைக் குத்தி முடிச்சதும் கெடா வித்ததோட சேத்து முழுசாச் சொல்றேன். ஆசாரியண்ணே, நிப்பாட்டுங்கண்ணே, ஓடி வாரேன்... திரும்பி வாங்க, சத்தியமா இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டேன்.