இரண்டாம் வருடத்து ஆட்டம்

எனக்கு ஹாக்கி ஆடத் தெரியாது, பார்க்க மட்டும்தான் தெரியும். ஸ்டிக்கைக் கையில் கொடுத்தால் என் கணுக்காலிலேயே போட்டுக்கொள்வேன். ஆனால் ஒருவன் பந்தை நிறுத்துகிற விதத்தைப் பார்த்து, இன்னும் எத்தனை வருடம் தாங்குவான் என்று சொல்லிவிடுவேன். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறோமே, அந்த மாதிரிதான்.

நீங்கள்தான் மொழிபெயர்க்க வந்திருக்கிற சத்யபாமா என்றார்கள். இந்த ஊர் மரியாதைப்படி மா சத்யா என்று கூப்பிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். எனக்குப் பர்மிய மொழி நன்றாகவே வரும், எதிரே உட்கார்ந்திருக்கிற அதிகாரி சொல்வது முழுக்கப் புரிகிறது. என் நோட்டைத் தமிழில் எழுதினேன், அதனால் தமிழில் சொன்னால்தான் வரிசையாக வரும். உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் ஏறுகிற அளவுக்கு வாயில் வராது என்று எனக்குத் தெரியும். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

முதலில் நசீரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் கிடங்கில் பூச்சிமருந்து வைக்கிற ஆள் அவர். கவனக்குறைவாக மருந்து வைத்தார் என்று நான்கு நாளாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். நசீர் பதினெட்டு வருடமாக அந்த வேலையைச் செய்கிறார், ஒரு மூட்டைகூட வீணானதில்லை. வேலை தெரிந்த மனிதர்மேல் பழி போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் நானாக வந்தேன்.

என் பெயர் சபாபதி. இங்கே ஆற்றங்கரைப் போட்டாதாங்கில், ஸ்ட்ராண்ட் ரோட்டில், பர்கத்துல்லா ஹாஜியின் பருப்புக் கிடங்குக்கு இருபத்தாறு வருடமாக நான்தான் சாவிக்காரன். ஹாஜிக்கு ஹாக்கிப் பைத்தியம். கம்பெனிகள் சேர்ந்து ஆறு அணி வைத்துச் சம்பளத்துக்கு ஆட்டம் நடத்த ஆரம்பித்தபோது ஒரு அணியை அவர் எடுத்துக்கொண்டார். சாவியோடு சேர்த்து அணியின் காரியதரிசி வேலையும் என் தலையில் விழுந்தது. நான் சந்தோஷமாகவே செய்தேன்.

அப்போது தொடங்கியதுதான் நோட்டு. எந்த அணி எந்த ஆட்டக்காரனைப் பெரிய விலைக்குக் கூட்டிவந்தது, அந்த வருடம் அந்த அணி எத்தனையாவது வந்தது, அடுத்த வருடம் என்ன ஆனது என்று ஒவ்வொரு வருடமும் எழுதினேன். பதினொரு வருடம், பத்தொன்பது பேர். நீங்கள் எடுத்து வைத்திருக்கிற நோட்டில் பார்க்கலாம். விலை பேசுவது போன வருடத்து ஆட்டத்தைப் பார்த்து, நமக்குக் கிடைப்பது வரப்போகிற வருடத்து முழங்கால். முதல் வருடம் பெரிய ஆட்டக்காரன் மினுங்கலாம், இரண்டாம் வருடம் ஒன்றுக்கும் ஆகமாட்டான். பத்தொன்பது பேரில் ஒருவர்கூட இதற்கு விலக்கில்லை. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு எத்தனை சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

போன வருடம் ஹாஜி கோவில்பட்டியிலிருந்து சுந்தரைக் கூட்டிவரப் போவதாகச் சொன்னார். வயது முப்பத்தொன்று. பெனால்டி கார்னர் அடிப்பதில் பெயர் வாங்கியவன். இரண்டு வருட ஒப்பந்தம். அந்தப் பணத்துக்காக அக்கரை டாலாவிலிருந்து படகில் வந்து ஆடிக்கொண்டிருந்த மூன்று பேரை நிறுத்தினார்கள். நான் நோட்டைக் கொண்டுபோய் ஹாஜியின் முன்னால் விரித்து, பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார், பிறகு டீக்குச் சொன்னார். "சயா, நோட்டு கோல் போடாது" என்றார். கிடங்கில் எல்லாரும் என்னை வாத்தியார் மாதிரி சயா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அந்த மரியாதை காதில் குத்தியது.

அன்று மாலையே நோட்டில் எழுதினேன். சுந்தர், இருபதாவது ஆள், முதல் வருடம் சுமார், இரண்டாம் வருடம் ஒரு கோல்கூட இல்லை. தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

சுந்தரைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்ல முடியாது. வந்த முதல் நாளே என்னை அண்ணே என்றான். மகளின் படத்தைக் காட்டினான், முன்பல் விழுந்திருந்த பிள்ளை. கிடங்குக்கு மேலே மரப்பலகைத் தளம் போட்ட ஒரு அறை உண்டு, அங்கே தங்க வைத்தோம். அது என் யோசனைதான். ஜன்னலில் கம்பி இருந்தாலும் ஆறு நன்றாகத் தெரியும், டாலா படகு போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். படிக்கட்டு கிடங்குக்குள்ளேயே ஏறுவதால், ஆறு மணிக்குக் கூலியாட்கள் போனதும் படிக்கதவை வெளிப்பக்கம் பூட்டிவிடுவேன். மூட்டைக்குப் பாதுகாப்பு வேண்டாமா? காலையில் திறப்பேன். முதலில் அவன் சிரித்துக்கொண்டே, "ஜெயில் மாதிரி இருக்குண்ணே" என்றான். பிறகு பழகிவிட்டது என்று நினைத்தேன். பாஸ்போர்ட் என் இரும்புப்பெட்டியில் இருந்தது.

அவன் நன்றாக ஆடினான். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன் ஆவேன். முதல் ஆறு ஆட்டத்தில் ஒன்பது கோல். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஹாஜி என் மேஜைக்கு வந்து, "என்னா சயா, நோட்டு என்னா சொல்லுது?" என்று கேட்பார். மூட்டை தூக்குகிறவர்கள்கூடக் கேட்க ஆரம்பித்தார்கள். டீக்கடையில் எனக்கு ஜோசியர் என்று பெயர் வைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

ஏழாவது ஆட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை உளுந்தில் வண்டு விழுந்திருந்தது. நசீர் வழக்கம்போல மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, விஷவாயு வெளியே கசியாமல் ஓரமெல்லாம் மணல்பை வைத்து, உள்ளே மருந்து போட்டுவிட்டுப் போனார். மேலே ஆள் இருக்கிறானே என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். அன்றைக்கு அவனை வேறு இடத்தில் படுக்க வைக்கிறேன் என்று சொன்னேன். நிஜமாகவே மறந்துவிட்டேன், மா சத்யா. அது மறதிதான். படிக்கட்டுப் பக்கம் ஒரு மணல்பை நகர்ந்திருந்தது போல.

ஞாயிறு காலை சுந்தர் வாந்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அண்ணே, ராத்திரி கீழ யாராச்சும் பூண்டு உரிச்சாங்களா?" என்று கேட்டான். அந்த மருந்தின் வாசம் பூண்டு மாதிரிதான் இருக்கும். பருப்புக் கிடங்கில் எல்லா வாசமும் வரும் தம்பி என்று சொல்லி, கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அன்று அவன் மைதானத்தில் தள்ளாடினான், ஒரு கோலும் இல்லை. மறுநாள் ஹாஜி என் மேஜைக்கு வரவே இல்லை. பல வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தவை மறதியில் நடந்தவை அல்ல. மருந்து வைக்கிற சனிக்கிழமைகளில், சுந்தர் வேறு இடத்தில் படுக்கிறான் என்று நசீரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, படிக்கட்டுப் பக்கத்து மணல்பை ஒன்றை நான் நகர்த்தி வைப்பேன். ஒன்றே ஒன்றுதான். அவன் படுத்த படுக்கையாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கு முப்பத்தொன்று ஆகிறது என்று மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் இருந்தேன். டாக்டர் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஞாயிறுதோறும் நான் கஞ்சி வைத்தேன், உப்புப் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு.

பத்தாவது ஆட்டத்துக்குப் பிறகு அவன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். "என்னை ஊருக்கு அனுப்பிருங்கண்ணே. காசுகூட வேண்டாம். அந்த ரூம்ல மூச்சு முட்டுது" என்றான். ஹாஜியிடம் சொல்கிறேன் என்றேன், சொல்லவில்லை. பிறகு ஒருநாள், தன்லியினில் இருக்கிற எங்கள் கோல்கீப்பர் மோகனின் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளவா என்று கேட்டான். இந்த ஊரில் வெளியூர் ஆள் ஒரு ராத்திரி தங்குவதென்றாலும் வார்டு ஆபீசில் விருந்தினர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், உங்களுக்குத் தெரியாததா? அதைச் சொல்லி, உன் பெயர் கிடங்கு விலாசத்தில் இருக்கிறது, வேறு இடத்தில் படுத்துச் சோதனையில் மாட்டினால் உனக்கும் மோகனுக்கும் சேர்த்து வம்பு என்றேன். பயந்துபோய் விட்டுவிட்டான். ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தால் மாற்றியிருக்கலாம், அந்தக் குமாஸ்தா எனக்கு வேண்டியவர்தான்.

நீங்கள் கேட்க நினைப்பது தெரிகிறது. அவன் போகிறேன் என்றானே, போகவிட்டிருந்தால் என் நோட்டுக்கு நல்லதுதானே என்கிறீர்கள். அதுதான் இல்லை. பாதியில் ஊருக்குப் போனவனை எந்தப் பக்கத்தில் எழுதுவது? வீட்டு ஞாபகத்தில் போனான், இருந்திருந்தால் அடித்திருப்பான் என்று ஹாஜி வாழ்நாள் முழுக்கச் சொல்வார். ஒருவனை எடை போட வேண்டுமென்றால் அவன் தராசில் இருக்க வேண்டும். இரண்டு வருடமும் இருந்தால்தான் கணக்கில் சேரும்.

இறுதி ஆட்டம் போன ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் நசீர் மருந்து வைத்தார், நான் மணல்பையை நகர்த்தினேன். காலையில் சுந்தரின் உதடு வெளுத்திருந்தது. இன்றைக்கு ஆடாதே, உட்கார்ந்து பார் என்று மோகன் கெஞ்சினான். இவன் கேட்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கும்போது, கடைசி நிமிடத்தில் எங்களுக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. சுந்தர் ஒருமுறை குனிந்து வாந்தி எடுத்தான், வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அடித்தான். பந்து போனதை நான் பார்க்கவில்லை, வலை ஆடியதைத்தான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு அடியைப் பார்த்துக் கலங்காதவன் ஹாக்கி பார்க்கவே வரக்கூடாது.

ஹாஜி அவனுக்கு மாலை போட்டார். நாளையிலிருந்து இரண்டாம் வருடம், இதைவிட ஜோராக இருக்கும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "சயா, அந்த நோட்ட கிழிச்சுப் போடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சுந்தர் மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்க ஹாஜி. அண்ணன்தான் எனக்கு வாராவாரம் கஞ்சி வச்சுத் தர்றாரு" என்றான்.

சிரித்தவர்களைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அவன் எனக்காகப் பரிந்து பேசியதுதான் தாங்கவில்லை.

அஞ்சரை மணிக்கு அவனைக் கிடங்கில் கொண்டுவந்து விட்டேன். களைத்திருந்தான், கோப்பையோடு ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்ப வேண்டும் என்றான். அன்று மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் அவன் போனை வாங்கி என் அறையில் இருக்கிற பேட்டரியில் போட்டுச் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பது என் வழக்கம், அன்றும் வாங்கிக்கொண்டேன். படிக்கதவைப் பூட்டினேன். துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, படிக்கட்டுப் பக்கத்து மணல்பைகளை எல்லாம் எடுத்துவிட்டுத் தார்ப்பாயைச் சுருட்டி மூட்டைமேல் போட்டேன். நசீர் ஒரு பையைக்கூடத் தப்பாக வைத்திருக்கவில்லை, இதை அதிகாரியிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

பிறகு வெளிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை கிடங்கு வரிசையில் ஈ காக்கை இருக்காது. கொஞ்ச நேரத்தில் அவன் அண்ணே என்று கூப்பிட்டான். பிறகு ஸ்டிக்கால் கதவை அடிக்க ஆரம்பித்தான். அடி ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் விழுந்தது, சத்தத்தில் வித்தியாசமே இல்லை. நல்ல ஆட்டக்காரன் கை அப்படித்தான் இருக்கும். இருட்டுவதற்குள் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை காலையில் நான்தான் திறந்தேன். ஸ்டிக் இரண்டாக உடைந்து கிடந்தது. அவன் ஜன்னலடியில் இருந்தான், இரண்டு கையும் கம்பிக்கு வெளியே ஆற்றுப் பக்கம் நீட்டியிருந்தன. முதல் படகு டாலாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான்தான் எல்லாருக்கும் ஆள் அனுப்பினேன். ஹாஜி தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். பாஸ்போர்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன், அவன் வீட்டிலிருந்து யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள்.

கொன்றது நான்தான். அதை எந்த வார்த்தையில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நோட்டை மட்டும் ஒரு நிமிடம் திருப்பிக் கொடுத்தால் நல்லது, இருபதாவது ஆளின் பக்கத்தில் ஒரு கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. ஒப்பந்தப்படி இரண்டாம் வருடம் அந்தத் திங்கட்கிழமை தொடங்கிவிட்டது. மா சத்யா, இதைப் பர்மிய மொழியில் சரியாகச் சொல்லுங்கள், ஹாஜியிடமும் யாராவது சொல்லட்டும்: இரண்டாம் வருடம் அவன் ஒரு கோல்கூடப் போடவில்லை, நான் எழுதியபடியேதான் நடந்தது.