ஏரியின் ஆழம் பற்றி ஓர் அறிவிப்பு

உலகமே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய ஓர் உண்மையை, முழுச் சுயநினைவோடு, யாருடைய கட்டாயமும் இன்றி இங்கே அறிவிக்கிறேன்: ஏரிக்கரை மாளிகையின் ஏரியில் தண்ணீர் இடுப்பளவுதான். நடுவிலும் இடுப்பளவுதான். நல்ல மழை பெய்தால் தொப்புள் நனையும்.

விசாரணை அதிகாரியான நீங்கள் இதை ஏற்கெனவே அளந்து பார்த்துவிட்டீர்கள். ஆனாலும் என் வாயால் வருவதுதான் முறை. அந்த ஏரியை ‘அடி காண முடியாத ஆழம்’ என்று சொல்லியே இத்தனை வருடம் பிழைத்தவன் நான்.

வாசல் பலகையில் என்னை வரலாற்றாசிரியர் என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் குளியல் தொட்டிகளுக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வகையில் நீர்நிலைகள் எனக்குப் புதிதல்ல. தன் தாத்தா கட்டிய மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம் என்று முதலாளி முடிவு செய்தபோது, வீடு இருந்தது, தோட்டம் இருந்தது, வரலாறுதான் இல்லை. தாத்தா மர வியாபாரி. வீட்டைக் கட்டினார், சாப்பிட்டார், தூங்கினார், போய்ச் சேர்ந்தார். இதைக் கேட்க எவன் டிக்கெட் வாங்குவான்? “சார், கொஞ்சம் கண்ணு கலங்குற மாதிரி எதாவது போடுங்க” என்றார் முதலாளி. போட்டேன்.

கல்யாணமாகி வந்த புது மருமகள் படகில் போய் ஏரியில் மூழ்கிவிடுகிறாள். அவள் நினைவாகக் கணவன் கரையிலிருந்து வீடுவரை படிப்படியாகத் தோட்டம் அமைத்து, வெள்ளைப் பூச்செடிகளை மட்டும் வைக்கிறான். உண்மையில், சரிவில் மண் கரைந்து போகாமல் இருக்கத்தான் அந்தப் படிகள். வெள்ளைச் செடிகள், வேறு யாரும் வாங்காமல் நாற்றுப் பண்ணையில் மிஞ்சியவை. பம்பு செட் அறை, அவன் தனியே அமர்ந்து வருந்திய மண்டபம் ஆயிற்று. கரையோரம் நடுவில் குழி விழுந்து கிடந்த கருங்கல், கண்ணீர்க் கல் ஆயிற்று. அங்கே வரும்போது குரலைத் தாழ்த்துவேன். பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். ஒருமுறை எனக்கே கைக்குட்டை தேவைப்பட்டது. தான் எழுதியதைத் தானே நம்பி அழுதவன் என்று என்னைப் பற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்குக்கு உதவாது. ஆளைப் புரிந்துகொள்ள உதவும்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அத்தை வந்தார். முதலாளியின் அப்பாவுடைய தங்கை. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். வெளியூரில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஆட்டிப் பார்த்து, ஆடினால் பிடுங்கிவிடுகிற கை.

வந்த அன்றே கூட்டத்தோடு கூட்டமாக என் பின்னால் நடந்தார். மருமகள் மூழ்கும் வரை பொறுமையாக இருந்தார். கண்ணீர்க் கல்லுக்கு முன்னால் நான் குரலைத் தாழ்த்தியதும் வாயைத் திறந்தார்.

“தம்பி, இது எங்க வீட்டு நாயைக் குளிப்பாட்டுற கல்லு. தண்ணி ஊத்தி ஊத்தி விழுந்த குழி இது. கண்ணீர்னா, சோப்பு பட்டா அது ஊளையிடும். அதைச் சொல்றீங்களா?”

கூட்டம் சிரித்தது. கைக்குட்டையை எடுத்த பெண்கள் அதே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அது என்ன நாய், கடிக்குமா, எத்தனை பேர் சேர்ந்து பிடிக்க வேண்டும் என்று கேட்டபடியே அத்தை பின்னால் போய்விட்டார்கள். நான் மண்டபத்தில், அதாவது பம்பு செட் அறையில், தனியே அமர்ந்து வருந்தினேன். ஆக, என் வரலாற்றில் ஒரு வாக்கியம் அன்றே உண்மையாகிவிட்டது. என் வரலாறு அப்படித்தான். கொஞ்சம் தாமதமாக நடக்கும்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். “சார், ஞாயித்துக்கிழமையிலேருந்து அத்தையே சுத்திக் காட்டட்டும். ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு. நீங்க வாசல்ல டிக்கெட் கிழிங்க, போதும்.”

எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. டிக்கெட் கிழிப்பதும் கௌரவமான வேலைதான். என் கவலை முழுக்க வரலாற்றைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை அத்தை எல்லார் முன்னிலையிலும் ஏரியில் இறங்கி, இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடந்து காட்டுவதாக ஏற்பாடு. அவர் மட்டும் நடந்துவிட்டால், என் மருமகள் இன்னொரு தரம் செத்துப் போவாள். இந்தத் தரம் யாரும் அழ மாட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் ஒத்திகை பார்த்தார். செருப்பையும் கைத்தடியையும் பிடித்துக்கொள்ள என்னையே கூப்பிட்டார். மனசில் எதையும் வைத்துக்கொள்ளாத மனுஷி. தோட்டக்காரர் மேல்படியில் புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது. அதை நான் ஏற்பாடு செய்யவில்லை. அது வழக்கமான தோட்டப் பராமரிப்பு.

அத்தை ஏரியின் நடுவில் போய் நின்று திரும்பினார். தண்ணீர் இடுப்பைத் தொட்டது.

“பாத்தீங்களா எழுத்தாளரே? உங்க மருமக இதுல முங்கணும்னா முட்டி போட்டு உக்காரணும். அப்பவும் யாராவது தலையை அழுத்திப் பிடிச்சாத்தான் உண்டு.”

மறுத்துப் பேச இடமில்லாத கருத்து. செருப்பையும் கைத்தடியையும் கல்லின் மேல் ஒழுங்காக வைத்துவிட்டு நானும் இறங்கினேன். “வாங்க, ஜில்லுனு இருக்கு” என்று அவரே கை கொடுத்தார். பிடித்துக்கொண்டேன். அவர் சொன்ன முறையில் எந்தப் பிழையும் இல்லை.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவனுக்குச் சட்டைக் கை தோள்வரை எப்படி நனைந்தது என்று கேட்டீர்கள். காப்பாற்றப் போனபோது நனைந்தது என்றேன். நம்பிவிட்டீர்கள். ஆனால் அறிக்கையில் ‘கால் இடறி’ என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. தவறான தகவல் ஒன்று பதிவாவதை ஒரு வரலாற்றாசிரியன் எப்படிப் பொறுப்பான்? அதனால்தான் இந்த வாக்குமூலம்.

ஏரிக்கரையில் நான் எழுதி வைத்த பலகையில் ‘இந்த வீட்டுப் பெண் ஒருத்தி இந்த ஏரியில் மூழ்கி இறந்தாள்’ என்று இருக்கிறது. இப்போது அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மறு வாரமே சுற்றிக் காட்டும் வேலை என்னிடம் திரும்பி வந்தது. மூழ்கிய இடத்தைக் காட்டினேன், குரலைத் தாழ்த்தினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். முடித்ததும், நாய் குளிப்பாட்டுகிற கல் எது என்றார்கள்.

நீங்களும், விசாரிக்க வந்த அன்று, முதலில் கேட்டது அதைத்தான்.