மூன்றாம் குரல்

இந்தக் கட்டடத்துச் சுவரில் முதல் வெள்ளையடிப்பு மங்காத காலம். நம் நெடுமணல் ஊரில் ஒரு டவாலி இருந்தாராம். பெயர் சுடலையாண்டி. என் அம்மா வழியில் ஆறு தலைமுறைக்கு முந்தியவர்.

நீங்கள் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தீர்களே, அந்தக் கூடம்தான் அன்றைக்குக் கோர்ட்டு. வெளியே, இதோ இந்த மேல்படியில் நிற்பதுதான் அவர் வேலை. மார்பில் சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை. உள்ளேயிருந்து ஒரு பெயர் வரும். அதை அவர் மூன்று தரம் கூவ வேண்டும். மூன்றாம் குரலுக்குள் ஆள் வந்தால் கேட்பார்கள். வராவிட்டால் 'வரவில்லை' என்று எழுதிவிடுவார்கள். எழுதினால் எழுதினதுதான்.

அது பஞ்சகாலமாம். மூன்று வருஷமாக மழை இல்லை. மாட்டுக்குப் புல் இல்லை, வண்டிக்கு மாடு இல்லை. அடுப்பு எரிந்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாமாம். அதில் ஒன்று சுடலையாண்டி வீடு. கோர்ட்டு ஆட்களுக்கு மட்டும் மாதாமாதம் தானியம் கொடுத்தார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள். மனைவி பூவம்மா சொல்வாளாம்: "எல்லாருக்கும் வயக்காடு காஞ்சு போச்சு. நமக்கு உங்க தொண்டைதான் வயக்காடு. பத்திரமா வச்சுக்கிடுங்க."

அந்தச் சமயத்தில் சர்க்கார் தானியக் கிடங்கை யாரோ உடைத்துவிட்டார்கள். ஏழு பேரைப் பிடித்தார்கள். ஆறு பேர் ஒத்துக்கொண்டார்கள். ஏழாவது ஆள் மாடக்கண்ணு ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் அங்க போகவே இல்லை எசமான். அன்னைக்கு என் வீட்டுல பேறுகாலம். பிள்ளை அழுத சத்தம் கேக்குற வரைக்கும் வாசலை விட்டு நகரலை. மருத்துவச்சி உலகம்மையைக் கேளுங்க."

உலகம்மைக்கு ஆள் அனுப்பினார்கள். அவளுக்கு எழுபது வயசு இருக்குமாம். மூன்று கல் தூரம், ஆற்று மணலில் நடந்து வர வேண்டும். அவள் வந்து சொன்னால் மாடக்கண்ணு வீட்டுக்குப் போவான். சொல்லாவிட்டால் தண்டனைத் தீவுக்குப் போவான். கடல் தாண்டிப் போனவன் எவனும் அதுவரை திரும்பியதில்லையாம்.

உச்சி வெயில். தீர்ப்புச் சொல்லும் வெள்ளைக்காரத் துரை அன்றைக்கே மலைக்குப் புறப்பட வேண்டும். கோச்சு வண்டி கட்டித் தயாராக நிற்கிறது.

"கூப்பிடுலே," என்றாராம் சிரஸ்தார். கோர்ட்டுக் காகிதமெல்லாம் எழுதுகிற பெரிய குமாஸ்தா அவர்.

"உலகம்மை!" முதல் குரல். ஆள் இல்லை.

"உலகம்மை!" இரண்டாம் குரல். ஆள் இல்லை.

மூன்றாவதுக்கு மூச்சை இழுத்தார் சுடலையாண்டி. இழுத்தவர் ஆற்றுப் பக்கம் பார்த்தார். மணலில் ஒரு வெள்ளைத் தலை. கையில் கம்பு. பத்தடி நடக்கும், நிற்கும். மறுபடி பத்தடி நடக்கும்.

"ஐயா, கிழவி வாரா. அந்தா, ஆத்துக்குள்ள வாரா."

"வாரது வேற, வந்தது வேறலே. பார்க்கிறது உன் வேலை இல்லை. கூப்பிடுறதுதான் உன் வேலை."

சுடலையாண்டி வாயை மூடிக்கொண்டாராம். மூடினவர் திறக்கவே இல்லையாம்.

"கூப்பிடுலே!"

பேச்சு இல்லை.

"தொண்டையில என்னலே, எலும்பா மாட்டிக்கிட்டு?"

பேச்சு இல்லை. கிழவி பத்தடி நடந்தாள், நின்றாள்.

துரை எழுந்து வந்துவிட்டார். மூன்றாம் குரல் இல்லாமல் எழுதக் கூடாது. பட்டை கட்டினவன் குரல்தான் கணக்கு. "அந்தப் பட்டையைக் கழற்றி வேறு ஒருவனுக்குக் கட்டு," என்றாராம்.

சுடலையாண்டி பட்டையை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிரம்பால் கைமுட்டியில் அடித்தார்கள். விடவில்லை. மறுபடி அடித்தார்கள். விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்களாம். இரண்டு விரல் ஒடிந்ததாம்.

பட்டையை வேலாண்டி என்ற சேவகனுக்குக் கட்டினார்கள். அவன் குனிந்து பார்த்தான். கிழவி கீழ்ப்படியில் கம்பை ஊன்றிவிட்டாள்.

"உலகம்மை!" மூன்றாம் குரல்.

"வந்துட்டேன்யா... வந்துட்டேன்!"

மேலே ஏறி வந்த கிழவி சுடலையாண்டியை உற்றுப் பார்த்தாளாம். "ஏலே, நீ கால் முதல்ல வந்து பொறந்த பயலாச்சே! அன்னைக்கும் வம்பு, இன்னைக்கும் வம்பா? கையில என்னலே ரத்தம்?" அவர் அவளை உள்ளே போகச் சொல்லித் தலையை மட்டும் அசைத்தாராம்.

கிழவி சொன்னாள். மாடக்கண்ணு வீட்டுக்குப் போனான்.

சுடலையாண்டிக்கு வேலை போனது. வேலையோடு தானியமும் போனது. குடும்பத்தோடு பஞ்ச முகாமுக்குப் போனார். ரோட்டுக்குக் கல் உடைத்தால் ஒரு வேளை கஞ்சி. ஒடிந்த கையால் எத்தனை கல் உடைப்பது? ஆடியில் கடைசிப் பிள்ளை போனது. ஆவணியில் மூத்தது போனது. அன்றைக்கு ஒரே ஒரு தரம் பூவம்மா கேட்டாளாம்:

"ஒரு பேரு. ஒரு தரம் சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா?"

"பார்த்துட்டேனே பூவம்மா," என்றாராம் அவர்.

புரட்டாசியில் முகாமில் பேதி பரவியது. இரண்டு பேரும் ஒரே வாரத்தில் போனார்கள். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மிஞ்சியது நடுப்பெண் ஒருத்திதான். மாடக்கண்ணு நடந்து வந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். தன் வீட்டுக் கைக்குழந்தையோடு சேர்த்து வளர்த்தான். அவள் வழியில் வந்தவர்கள்தான் நாங்கள்.

வேலாண்டி முப்பது வருஷம் டவாலியாக இருந்தானாம். முதல் குரல் கொடுப்பான், இரண்டாம் குரல் கொடுப்பான். அப்புறம் பதினோரு படியும் இறங்கி, ரோட்டையும் ஆற்றையும் நின்று பார்ப்பான். பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறி வந்து மூன்றாம் குரல். ஏன் என்று எந்தத் துரையும் கேட்கவில்லையாம். அவனுக்குப் பின்னால் வந்த டவாலிகளும் இறங்கிப் பார்த்தார்கள். சிலருக்குக் காரணம்கூடத் தெரியாது.

கோர்ட்டு புதுக் கட்டடத்துக்குப் போய், இது அருங்காட்சியகம் ஆகிவிட்டது. கூப்பிடுவதற்குப் பெயர் இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டும் முன் இங்கே வேலை பார்ப்பவர் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். போன மாதம் புதிதாக வந்த அதிகாரி என்னிடம், "தினமும் கீழே போய் யாரைம்மா தேடுறீங்க?" என்றார்.

"யாரையும் தேடலை சார். யாரும் வாராங்களான்னு பார்க்கிறேன்," என்றேன்.

மணி ஐந்தாகப் போகிறது. நீங்கள் மெதுவாக இறங்குங்கள். நானும் கீழே வருகிறேன்.